அனுமதி தருவது யார்? பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒட்டுக்கேட்புச் சட்டம்

பழவேற்காட்டில் பொழுது விடிவதற்கு வெகுமுன்பே கைபேசிகள் பேசத் தொடங்கிவிடுகின்றன. முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் மூடிவிட்டதா? வெளிக்கடலில் காற்று எப்படி? நேற்று இறால் என்ன விலைக்குப் போனது? ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாள் என்று கடலுக்குப் போகக் கூடாது என்றார்களே, அது இன்றா நாளையா? இத்தனையும் அந்தப் பேச்சில்தான் முடிவாகின்றன. தண்ணீர் படாமலிருக்க பாலித்தீன் பையில் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட கைபேசி, வலையும் சோற்றுத் தூக்கும் போல, படகில் ஏறுகிற சாமான்களில் ஒன்றாகிவிட்டது. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று ஏரியையும் கடலையும் ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் தொழிலும் வம்பும் துக்கமும் ஊர்க்கூட்டத்துக்கான அழைப்பும் இந்தக் கருவி வழியாகத்தான் போய்வருகின்றன.

2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தி அதில் வந்தார்கள். அதற்குப் பிறகு நாட்டின் கரை முழுவதும் பாதுகாப்பு இறுகியது. மீனவர்களுக்கு அடையாள அட்டை, படகுகளுக்குப் பதிவெண், ‘சாகர் கவச்’ ஒத்திகைகள். மீனவர்களே கடலோரத்தின் கண்களும் காதுகளும் என்று அதிகாரிகள் மேடைதோறும் சொல்கிறார்கள். மீனவர் அரசுக்குக் காதாக இருப்பது நல்லதுதான். அரசு மீனவர் பேச்சுக்குக் காது வைப்பதென்றால் அது யாருடைய அனுமதியோடு நடக்கவேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. நாட்டில் யாருடைய கைபேசிக்கும் இதே கேள்வி பொருந்தும். ஆனால் ஒரு பக்கம் ராக்கெட் ஏவுதளமும், மறுபக்கம் காட்டுப்பள்ளி, எண்ணூர்த் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும், நடுவே மாநில எல்லையும் சூழ்ந்த ஒரு ஏரியின் கரையில் இதைக் கேட்டால், ‘பாதுகாப்பு’, ‘பொது ஒழுங்கு’ என்னும் சொற்கள் எவ்வளவு பக்கத்தில் நிற்கின்றன என்பது விளங்கும்.

அரசு ஆவணங்கள் இதை ‘இடைமறிப்பு’ என்கின்றன. மக்கள் வழக்கில் இது ஒட்டுக்கேட்பு. கதவோரம் நின்று அடுத்தவர் பேச்சைக் கேட்கும் செயலுக்கு நம் ஊர்களில் என்ன மதிப்பு உண்டோ அது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அதனால் நான் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

ஒட்டுக்கேட்பின் வேர் 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தில் இருக்கிறது. அதன் ஐந்தாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, 1972 திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு படிகளை வைத்தது. முதலில், பொது நெருக்கடி நிகழ்ந்திருக்கவேண்டும், அல்லது பொதுப் பாதுகாப்பு அதைக் கோரவேண்டும். அந்தப் படியைத் தாண்டினால்தான் அடுத்தது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுவதைத் தடுத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு காரணம். ‘குற்றத்தைத் துப்பறிய’ என்ற காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவேண்டும். இன்றைய வழக்காடல் முழுவதும் இந்த ஓர் இடைவெளியைச் சுற்றியே நடக்கிறது.

அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது பற்றிய சி.பி.ஐ. அறிக்கை 1991-இல் வெளியே வந்ததும், மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பர் 18 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சாகிர் அகமதுவும் தீர்ப்புச் சொன்னார்கள். தொலைபேசியில் பேசுவது மனிதனின் அந்தரங்க வாழ்வின் ஒரு பகுதி. முதல் படியைத் தாண்டாமல் இரண்டாம் படிக்குப் போக முடியாது. உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும். ஒரு மறுஆய்வுக் குழு அதைப் பார்க்கவேண்டும். நீதிபதியின் முன்அனுமதி வேண்டும் என்று பி.யு.சி.எல். கேட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லாதபோது நாங்கள் அதை நுழைக்க முடியாது என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. அந்தத் தீர்ப்பைக் கொண்டாடுவோர் இந்த ஒதுங்கலைப் பெரும்பாலும் பேசுவதில்லை. அந்த ஒரு வாசல் அன்று திறந்திருந்தால், பிந்தைய 30 ஆண்டுகளின் பல கேடுகள் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

தீர்ப்பின் நெறிகள் 2007-இல் 419-ஏ என்ற விதியாயின. ஓர் உத்தரவுக்கு ஆயுள் 60 நாள். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக்கூடாது. மாநிலத்தில் மறுஆய்வுக் குழுவின் தலைவர் தலைமைச் செயலாளர். மற்ற இருவரும் அரசுச் செயலாளர்கள். கேட்கிற காவல்துறை அரசினுடையது, உத்தரவு போடுகிறவர் அரசின் செயலாளர், அது சரியா என்று பார்க்கிறவர்களும் அரசின் செயலாளர்கள். 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் பழைய தந்திச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன் ஒட்டுக்கேட்புப் பிரிவு 2024 ஜூன் 26-இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் புதிய விதிகளும் வந்தன. 60 நாளும் 180 நாளும் செயலாளர்கள் குழுவும் அப்படியே தொடர்கின்றன.

செயலாளர்கள் குழு என்னதான் பார்க்கிறது? நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான தரவுப் பாதுகாப்புக் குழு 2018 அறிக்கையில் ஒரு கணக்குச் சொன்னது: ஒன்றிய மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது, ஒவ்வொரு கூட்டத்திலும் அதன் முன்னால் 15,000 முதல் 18,000 உத்தரவுகள். ஒரு நாளில் பத்து மணி நேரம் எழாமல் உட்கார்ந்தாலும் ஓர் உத்தரவுக்கு இரண்டரை விநாடிகூடக் கிடைக்காது. மீன் ஏலத்தில்கூடக் கூடையைக் கிளறிப் பார்த்த பிறகுதான் விலை சொல்வார்கள்.

காகித நடைமுறை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதற்கு 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்த்த அமர் சிங் வழக்கு சாட்சி. டில்லிக் காவல்துறையின் பெயரிலும் உள்துறையின் பெயரிலும் போலிக் கடிதங்கள் தயாரித்துக் கொடுத்து ஓர் அரசியல்வாதியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க வைத்திருந்தார்கள். கடிதங்களில் பிழைகள் மலிந்திருந்தன. அப்படியிருந்தும் தனியார் தொலைபேசி நிறுவனம் ஒரு வார்த்தை கேட்காமல் இணைப்பைக் கொடுத்துவிட்டது. நீதிமன்றம் அந்த நிறுவனத்தைக் கடிந்துகொண்டது. டில்லியில் செல்வாக்குள்ள ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கே இந்தக் கதி.

மாநிலங்களின் கதை தனி. தொலைபேசியும் தந்தியும் அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. அப்படியிருக்க ஒரு மாநிலச் சட்டமன்றம் ஒட்டுக்கேட்புக்குச் சட்டம் இயற்ற முடியுமா? மராட்டியம் 1999-இல் இயற்றியது. திட்டமிட்ட குற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமான மகோகா, குற்றத்தைத் துப்பறிவதற்காகவே ஒட்டுக்கேட்கலாம் என்று சொன்னது. தந்திச் சட்டத்தில் இல்லாத காரணம் இப்படி மாநில வாசல் வழியாக உள்ளே வந்தது. கர்நாடகம் 2000-இல், ஆந்திரம் 2001-இல் அதே அச்சில் சட்டம் இயற்றின. 2002 ஜனவரியில் ஒன்றிய அரசு மகோகாவை டில்லிக்கும் நீட்டித்தது. மும்பையின் நிழலுலகத்தை மனதில் வைத்து எழுதிய சட்டம் மூன்றே ஆண்டுகளில் தலைநகருக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

2003-இல் மும்பை உயர் நீதிமன்றம் மகோகாவின் ஒட்டுக்கேட்புப் பிரிவுகளைச் செல்லாது என்றது; ஒன்றியத்தின் வரப்பில் மாநிலம் கால் வைத்துவிட்டது என்பது காரணம். 2008 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: சட்டத்தின் சாரம் குற்றத்தடுப்பு, பொது ஒழுங்கு மாநிலத்தின் பொறுப்பு, ஆகவே பிரிவுகள் செல்லும். இந்தத் தீர்ப்போடு எந்த மாநிலமும் இப்படிச் செய்யலாம் என்று வழி திறந்தது.

இந்தக் கதையில் பழவேற்காட்டுக்கு உறவுள்ள ஒருவர் வருகிறார். குஜராத் சட்டமன்றம் 2003-இல் மகோகாவின் சாயலில் ஒரு மசோதாவை நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பியது. 2004-இல் அது திரும்பி வந்தது. ஒட்டுக்கேட்புப் பிரிவை நீக்கவேண்டும் என்று கேட்கப்பட்டது. அப்போது குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். ராமேஸ்வரத்தில் படகுக்காரரின் மகனாகப் பிறந்து, இந்த ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி.-3 எழுந்தபோது அந்தத் திட்டத்தை நடத்தியவர். குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர் என்பதால் முழுப் பெருமையையும் அவர் தலையில் ஏற்றக் கூடாது. ஆனாலும் ஒப்புதல் மறுக்கப்பட்டது, அதுவும் இந்தப் பிரிவுக்காகவே மறுக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்யத்தான் வேண்டும். பிரதிபா பாட்டீல் காலத்திலும் மசோதா திரும்பியது. 2015-இல் மீண்டும் நிறைவேறி, 2019 நவம்பரில் ஒப்புதல் பெற்று, டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. பிரிவு அப்படியே இருந்தது. மாறியது ஒப்புதல் தருகிறவர்களின் மனம்.

தமிழ்நாட்டில் மகோகா போன்ற சட்டம் இல்லை. அதனால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. ஒரு சட்டம் எப்படி வளரும் என்பதற்கு நம் குண்டர் சட்டமே உதாரணம். 1982-இல் கள்ளச்சாராயம், போதைப்பொருள், குண்டர், விபசாரத் தொழில், குடிசைப்பகுதி நில அபகரிப்பு என்று தொடங்கியது. 2004-இல் திருட்டு விசிடி சேர்ந்தது. 2014-இல் மணல் திருட்டு, இணையக் குற்றம், பாலியல் குற்றம் சேர்ந்தன. ஒவ்வொரு முறையும் சேர்க்கப்பட்ட குற்றம் மக்கள் வெறுக்கிற குற்றம். எதிர்ப்புக் குரல் எழ வாய்ப்பே இல்லை. தடுப்புக் காவல் என்ற கருவி மட்டும் ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒட்டுக்கேட்புக்கு ஒரு மாநிலச் சட்டம் வந்தால் அதுவும் இந்த வழியில்தான் போகும் என்று அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது.

அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை எழக்கூடிய நேரமும் இதுதான். 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கினார். சென்னைக் கல்வி நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2011 ஆகஸ்டில் ஒன்றிய உள்துறை உத்தரவிட்டிருந்தது. வருமான வரி அதிகாரிக்கு 50 லட்ச ரூபாய் லஞ்சம் என்பது வழக்கு. லஞ்சம் பெருங்குற்றம்தான், ஆனால் கமுக்கமாக நடக்கும் ஒரு குற்றத்தைத் துப்பறிவது பொது நெருக்கடியும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. ஒட்டுக்கேட்டதை உரிய காலத்தில் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவில்லை என்பதையும் சுட்டி, உத்தரவை ரத்து செய்தது. அப்படிக் கேட்கவேண்டுமென்றால் சட்டமன்றமோ நாடாளுமன்றமோதான் சட்டத்தை விரிக்கவேண்டும், நீதிமன்றம் சொற்களை இழுத்து நீட்டாது என்பதே தீர்ப்பின் போக்கு. அதற்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் டில்லி உயர் நீதிமன்றம், பெரிய அளவிலான ஊழல் பொதுப் பாதுகாப்பைத் தொடக்கூடும் என்று வேறு திசையில் சொல்லியிருந்தது. மும்பை உயர் நீதிமன்றம் 2019-இல் லஞ்ச வழக்கொன்றில் மூன்று ஒட்டுக்கேட்பு உத்தரவுகளை ரத்து செய்து பதிவுகளை அழிக்கச் சொன்னது. ஆக, இன்றைய நிலை சீரானதல்ல. காவல்துறைக்கு இது இடைஞ்சல். சட்டத்தை விரியுங்கள் என்ற குரல் வரும்.

இப்போது மறுபடி குப்பங்களுக்கு வருவோம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டுச் சுற்றுவட்டாரம் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வருகிறது. கரை அரிக்கும், முகத்துவாரம் கெடும், ஏரியில் மீன் வராது என்பது அவர்கள் பயம். 2021 ஜனவரியில் அறிவித்த பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திப்போனது. 2023 செப்டம்பரில் அறிவித்ததும் நடக்கவில்லை. இத்தனை ஊர்களை ஒரே நாளில் ஒரே இடத்தில் திரட்டுவது கைபேசி இல்லாமல் நடக்காது. அவர்களுடைய பேச்சை யாரோ கேட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டிருந்தாலும் அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். மறியலும் முற்றுகையும் நடக்கும் ஊரில் ‘பொது ஒழுங்கு’ என்ற காரணம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தலைவர்கள் மீது வழக்குகள் சேர்ந்துகொண்டே போகும். மகோகாவின் வரையறையில் பத்து ஆண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை, வன்முறை அல்லது மிரட்டல், பண ஆதாயம் ‘அல்லது வேறு ஆதாயம்’ என்று வரும் சொற்களைப் படிக்கும்போது, அந்த ‘வேறு ஆதாயம்’ எங்கே போய் நிற்கும் என்ற கவலை எழுகிறது.

சாதாரண அழைப்புக்கு ஒரு சட்டம், வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல்செய்திக்கு வேறொரு சட்டம் என்பதும் படகில் இருப்பவருக்குத் தெரியாது. இணையவழிச் செய்திக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு பொருந்தும். அதில் பொது நெருக்கடி என்ற முதல் படி கிடையாது. ‘எந்தக் குற்றத்தையும் புலனாய்வு செய்ய’ என்ற காரணம் வெளிப்படையாகவே இருக்கிறது. வாட்ஸ்அப் மறையாக்கம் செய்யப்பட்டது, வழியில் கேட்பது எளிதல்ல. ஆனால் சட்டம் தரும் காப்பு, அதே ஆள் அதே கருவியில் அதே விஷயத்தைப் பேசும்போது, பச்சைப் பொத்தானை அழுத்தினாரா கைபேசியின் சாதாரண அழைப்பை அழுத்தினாரா என்பதைப் பொறுத்து மாறுகிறது. யார் யாரோடு எப்போது பேசினார் என்ற அழைப்புப் பட்டியலுக்கு இந்தப் படிகள் எதுவுமே இல்லை. குற்ற நடைமுறைச் சட்டத்தின் சாதாரண அதிகாரத்திலேயே போலீஸ் அதைக் கேட்டு வாங்கலாம். ஒரு டவரின் பட்டியலை எடுத்தால் ஒரு குப்பமே அதில் வந்துவிடும்.

ஏரியின் வடகரை ஆந்திரம், தென்கரை தமிழ்நாடு. ஒட்டுக்கேட்புக்கு உத்தரவிடும் அதிகாரம் இரு மாநில உள்துறைச் செயலாளர்களுக்கும் உண்டு. ஆந்திரத்தைப் பிரித்த மறு ஆண்டே, 2015-இல், தெலங்கானா தங்கள் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டது என்று ஆந்திர அரசு குற்றம் சாட்டியது. 2024-இல் தெலங்கானாவின் உளவுப் பிரிவு அரசியல்வாதிகளையும் பத்திரிகையாளர்களையும் ஒட்டுக்கேட்டது, ஆட்சி மாறியபோது வன்தட்டுகளை அழித்தது என்ற குற்றச்சாட்டில் அதன் காவல் அதிகாரிகளே கைதானார்கள். கர்நாடகத்தில் 1988-இல் ராமகிருஷ்ண ஹெக்டே முதலமைச்சர் பதவியை விட்டதும் இதே விவகாரத்தில்தான். கருவி கையில் இருந்தால் ஆளுங்கட்சி எதுவானாலும் அது பக்கத்து வீட்டுச் சுவரில் காது வைக்கும்.

காவல்துறையின் தரப்பையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆள்கடத்தல், போதைப்பொருள், கூலிக்கொலை ஆகியவற்றில் சாட்சி சொல்ல யாரும் முன்வருவதில்லை. குற்றவாளியின் வாயிலிருந்து வருவதே சில சமயம் ஒரே ஆதாரம். இதை மறுப்பதற்கில்லை. மகோகாவிலும் எல்லாம் கெட்டதில்லை. கண்காணிப்பாளர் நிலை அதிகாரி விண்ணப்பிக்கவேண்டும், மற்ற வழிகளில் முயன்று பலிக்கவில்லை என்று காட்டவேண்டும், எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனைக்கு அனுமதி தரப்பட்டது என்ற ஆண்டறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்கவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஒன்றியச் சட்டத்தில் அப்படி ஓர் அறிக்கை கிடையாது. மாநிலங்கள் மராட்டியத்திடம் கடன் வாங்குவதென்றால் முதலில் வாங்கவேண்டியது இந்தப் பிரிவை.

அதுவும் போதாது. அமெரிக்காவில் 1968 முதல் நீதிபதியின் ஆணை இல்லாமல் குற்றப் புலனாய்வுக்கு ஒட்டுக்கேட்க முடியாது. மாநிலப் போலீஸ் கேட்பதென்றால் அந்த மாநிலம் அதே தரத்தில் தனிச் சட்டம் இயற்றியிருக்கவேண்டும். கேட்டு முடித்த பிறகு, பொதுவாக 90 நாளுக்குள், சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் சொல்லவேண்டும். பிரிட்டனில் 2016 சட்டத்தின்படி அமைச்சர் கையெழுத்திட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒருவரின் ஒப்புதலும் வேண்டும். அந்த நாடுகளில் அத்துமீறல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அத்துமீறலைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு காகிதம் இருக்கிறது.

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்ற பழைய முறை உண்டு. இன்று எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை ஊர்த் தலைக்கட்டுகள் கூடி, சீட்டுப் போட்டு, எல்லோர் முன்னிலையிலும் முடிவு செய்வார்கள். அந்த முறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகங்கள் உண்டு, அது அதன் குறை. ஆனால் முடிவு எடுத்தவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். தவறு என்று நினைப்பவர் எழுந்து கேட்கலாம். அடுத்தவர் அந்தரங்கத்துக்குள் நுழைய அரசு எடுக்கும் முடிவில் இந்த அளவாவது வெளிச்சம் இருக்கவேண்டும் என்று கேட்பது அதிகமில்லை.

தமிழ்நாட்டில் நாளை இப்படி ஒரு மசோதா சட்டமன்றத்துக்கு வந்தால், அது எந்தக் குற்றவாளிக்காக என்று அமைச்சர் சொல்வதைக் கேட்டு நிறைவடைந்துவிடாதீர்கள். அனுமதி தருபவர் நீதிபதியா, ஆண்டறிக்கை உண்டா, கேட்கப்பட்டவருக்குப் பின்னராவது தகவல் உண்டா என்ற மூன்றையும் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள். 60 நாளோ 180 நாளோ ஒருவர் பேச்சைக் கேட்டு, குற்றம் எதுவும் இல்லை என்று விட்டுவிட்டால், அதை அவரிடம் சொல்லவேண்டும் என்று இந்தியாவில் இன்றுவரை எந்த விதியும் இல்லை.